மூன்றாம் தரம் கேட்கிற பிள்ளை

உங்கள் கல்லூரியின் கட்டில்கள் மிகவும் வசதியானவை. பட்டனை அழுத்தினால் தலைப்பக்கம் உயரும், இன்னொன்றை அழுத்தினால் கால்பக்கம். மெல்பேர்னின் ரோவில் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் என்னுடைய மெத்தை நடுவில் குழிந்துபோய்க் கிடக்கிறது. ஆகவே விசாரணைக்குள் போகுமுன் இந்த நன்றியை எழுதிவிடுகிறேன். கடிதம் என்றால் முதலில் நன்றி, பிறகு நலம், அதற்குப் பிறகுதான் விஷயம் என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்கள். சின்ன ஊர்ப் பள்ளிக்கூடம்தான், ஆனால் அந்த ஒழுங்கை நான் இன்றுவரை விட்டதில்லை. நீங்கள் நலம் என்று நம்புகிறேன். தமிழிலேயே எழுதலாம், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறார் என்றீர்கள். அவருக்கும் என் வணக்கம்.

நான் சத்தியபாமா. நேர்சிங் டிகிரி படிக்கும் பிள்ளைகளின் செய்முறைப் பரீட்சைகளில் நோயாளியாகப் படுத்துக் கிடப்பது என் தொண்டு. எனக்கு நீங்கள் தந்த பாத்திரம் மார்கரெட். எழுபத்தொரு வயது, இடுப்பு எலும்பில் ஒப்பரேஷன், தனியே வாழ்பவர். மார்கரெட்டை நான் குறைவில்லாமல் செய்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவவுக்கு ஒரு இருமல்கூடச் சேர்த்துக் கொடுத்தேன்.

தொண்டு என்றாலும், ஒரு காரணமும் இருந்தது. என் மகன் சுஜீதன் நல்ல பிள்ளை. நல்ல வேலை, குடி வெறி கிடையாது. ஆனால் ஆட்களைத் தெரிந்தெடுக்கத் தெரியாது. அப்படிப்பட்ட பிள்ளைக்குத் தாய்தான் ஒரு நல்ல பெண்ணைப் பார்த்துவைக்க வேண்டும். வீட்டுக்குப் போய்ப் பெண் பார்த்தால் என்ன தெரியும்? சேலை கட்டிக்கொண்டு தேத்தண்ணி கொண்டுவருவாள், சிரிப்பாள். ஒரு பெண்ணின் குணம் தெரியவேண்டுமென்றால் அவளுக்கு முன்னால் ஏலாமல் படுத்துப் பார்க்கவேண்டும். அதற்குக் கட்டிலும் போர்வையும் உங்கள் கல்லூரி தந்தது.

எங்கள் வீட்டில் இருக்கும் அஞ்சலிதான் செவ்வாய்க்கிழமைகளில் என்னைக் காரில் கொண்டுவந்து விடுவாள். இறக்கும்போது, "ஏதும் வேணுமா?" என்று கேட்பாள். வேண்டாம் என்பேன். "ஓகே" என்று போய்விடுவாள்.

இங்கே எங்களுடைய வழக்கம் ஒன்றை விளக்கவேண்டும். ஒருவர் முதல் தரம் கேட்டால் நாங்கள் வேண்டாம் என்போம். அது மரியாதை. இரண்டாம் தரமும் வேண்டாம்தான். கேட்பவருக்கு உண்மையில் அக்கறை இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. மூன்றாம் தரம் சொல்வதுதான் பதில். உங்கள் மாணவர்கள் எல்லோரும் "நோவு ஏதும் இருக்கா மார்கரெட்?" என்று ஒரு தரம் கேட்பார்கள். இல்லை என்பேன். "நோவு இல்லை" என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். எழுதுவதில் அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

மயூரா மட்டும் எழுதவில்லை. பயிற்சி வகுப்பு ஒன்றில் அவள் முதல் தரம் ஆங்கிலத்தில் கேட்டாள். இல்லை என்றேன். போர்வையை இழுத்து என் கால் விரல்களை மூடிவிட்டு மறுபடி கேட்டாள். இல்லை என்றேன். பிறகு குனிந்து மெல்லிய குரலில், "உண்மையைச் சொல்லுங்கோ அன்ரி, எங்க நோகுது?" என்றாள்.

"முழங்கால் கொஞ்சம் நோகுது பிள்ளை," என்றேன்.

அது மார்கரெட்டின் முழங்கால் இல்லை, என்னுடையது. அந்த இடத்திலேயே பெண் பார்த்து முடிந்துவிட்டது.

சிக்கல் பிறகுதான் வந்தது. கடைசி வருஷத்துப் பரீட்சைக்கு முதல்நாள் கன்ரீனில் அவளே சொன்னாள்: "பாஸ் பண்ணினால் சிட்னியில வேலை ரெடி அன்ரி. ஹோம்புஷ்ல அக்கா வீட்டில நிண்டுகொண்டு போய்வரலாம்." சந்தோஷம் என்றேன். இரவு சாப்பிடும்போது சுஜீதனிடம் மயூராவைப் பற்றி இரண்டு வசனம் சொல்லிப் பார்த்தேன். அவன் போனிலிருந்து தலை தூக்கவில்லை. அவனுக்கு எதற்கும் காலம் வேண்டும். மயூரா மெல்பேர்னில் இன்னும் கொஞ்சக் காலம் இருந்தால் நல்லது என்று எனக்குப் பட்டது. இதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை என்பதை நீங்கள் கவனிக்கவேண்டும்.

மருந்து கொடுக்குமுன் பிறந்த திகதியைக் கேட்டுக் கைப்பட்டியோடு ஒத்துப் பார்க்கவேண்டும், ஒத்துவராவிட்டால் நிறுத்தவேண்டும் என்பது உங்கள் சட்டம். மயூரா கேட்டாள். நான் பட்டியில் இல்லாத ஒரு திகதியைச் சொன்னேன்.

"அன்ரி, கையில வேற திகதி எல்லோ கிடக்குது?"

"அது பள்ளிக்கூடத்தில சேர்க்கேக்க வச்ச திகதி பிள்ளை. இதுதான் உண்மையான திகதி."

அவள் சிரித்தாள். "எங்கட அப்பாவுக்கும் அப்பிடித்தான் அன்ரி," என்று குளிசையை என் கையில் தந்துவிட்டாள். வயதில் மூத்த ஒரு மனுசியிடம் உங்கட வயது பிழை என்று சொல்ல வளர்ப்பு விடாது. அவளுக்கு முன்னால் வந்த ஒரு வெள்ளைக்காரப் பெடியனிடமும் அதே திகதியைத்தான் சொன்னேன், அவன் பஸ்ஸை மறிப்பதுபோல் கையைத் தூக்கிப் பரீட்சகரைக் கூப்பிட்டான். அவன் பாஸ். மயூரா பெயில். மார்கரெட்டுக்கு ஏன் இரண்டு பிறந்த திகதி இருக்கக்கூடாது என்று நீங்கள் யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது பரீட்சை, காயத்துக்கு மருந்து கட்டுவது. கிருமி நீக்கிய கையுறை போட்ட பிறகு வேறெதையும் தொடக்கூடாது. மார்கரெட்டின் தலையணைக்குக் கீழே நான் ஒரு தகர ரின் வைத்திருந்தேன். பயித்தம் பணியாரம், நானே சுட்டது.

"காலமை சாப்பிட்டனீங்களோ பிள்ளை?"

"இல்லை அன்ரி, பயத்தில இறங்கேல்ல."

"அப்ப ஒண்டு எடுங்கோ."

"கையுறை போட்டிட்டன் அன்ரி, வேண்டாம்."

"நல்லெண்ணெயில சுட்டது. ஒண்டே ஒண்டு."

"பிறகு அன்ரி, பிளீஸ்."

"நான் செய்ததெண்டபடியால்தான் வேண்டாமாக்கும்," என்றேன். அது மூன்றாம் தரம். மூன்றாம் தரமும் வேண்டாம் என்று சொல்ல நல்ல குடும்பத்துப் பிள்ளைக்கு ஏலாது. எடுத்தாள். பரீட்சகரின் பேனை அசைந்தது. அவள் அரைவாசிப் பணியாரத்தோடு நின்ற கோலத்தைப் பார்க்க எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. பணியாரம் பதமாக வந்திருந்தது.

மூன்று தரம் பெயில் விட்டால் படிப்பை விட்டுப் போகவேண்டும், சிட்னி வேலையும் போய்விடும் என்று எனக்குத் தெரியும். அதனால் மூன்றாவது பரீட்சையன்று நான் ஒன்றும் செய்வதாக இருக்கவில்லை. இதை நீங்கள் நம்பவேண்டும். ரின்னைக் கொண்டுபோனது பழக்கத்தில்.

ஆனால் அன்று வந்தது வேறொரு மயூரா. "குட் மோர்னிங் மார்கரெட்," என்றாள். அன்ரி இல்லை. ரின்னைப் பார்த்தாள், எடுத்து மேசைக்கு அப்பால் வைத்தாள். நான் வாய்தவறி முதல் பரீட்சையில் சொன்ன அதே பிழையான திகதியைச் சொல்லிவிட்டேன். உடனே நிறுத்திப் பரீட்சகரைக் கூப்பிட்டாள். எல்லாம் சரி, எல்லாம் ஒழுங்கு. பிறகு, "நோவு இருக்கா மார்கரெட்?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

"நோவு இல்லை" என்று எழுதினாள். திரும்பினாள்.

ஒரே ஒரு தரம். நான் அவ்வளவு பாடுபட்டுக் கண்டுபிடித்த பிள்ளையை யாரோ பழுதாக்கிவிட்டார்கள் என்று எனக்குப் பட்டது. அதனால் மார்கரெட் செத்துப்போனார்.

கண்ணை மூடிக் கழுத்தைச் சரியவிட்டேன். கோயில் யோகா வகுப்பில் மூச்சடக்கப் பழகியிருக்கிறேன். மயூரா தோளைத் தட்டினாள், பிறகு கிள்ளினாள். அந்த இடம் இன்னும் நீலமாக இருக்கிறது, அதற்காக நான் முறைப்பாடு செய்யவில்லை. கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். நாடி ஓடுகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. என் காதடியில் குனிந்தாள்.

"அன்ரி, எழும்புங்கோ. இது என்ர கடைசிச் சான்ஸ்."

எனக்குக் கேட்டது. நான் எழும்பவில்லை.

மூன்றாம் தரம் கேட்டால் எழும்புவதாக இருந்தேன். ஆனால் அவள் காத்திருக்கவில்லை. சிவப்புப் பட்டனை அழுத்தினாள், என்னைச் சரித்துப் படுக்கவைத்தாள், சத்தமாக ஆட்களைக் கூப்பிட்டாள். அதற்குப் பிறகு எழும்புவது மரியாதையாக இருக்காது. இத்தனை பேர் ஓடிவந்து நிற்கும்போது எழும்பிச் சிரித்தால் அவர்களுக்குத்தானே வெட்கம்? அம்புலன்சில் வந்தவர்கள் என் சட்டையைக் கத்தரித்தார்கள். நல்ல சட்டை. அதற்கும் நான் நட்டஈடு கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல அவர்களுக்குப் பின்னேரமாகிவிட்டது. அப்போதுதான் மயூரா வந்தாள். யூனிபோர்மோடு வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"ஏன் அன்ரி?"

"ஒண்டுமில்லை பிள்ளை. தலைச்சுத்து."

"சோதினை பாதியில நிண்டதால இதுவும் பெயிலாம். மூண்டு சோதினையிலும் நீங்கள்தான் கட்டில்ல. ஏன் அன்ரி?"

"எனக்கென்ன தெரியும்?"

அவள் கதிரையை இன்னும் கிட்ட இழுத்தாள். பிறகு முந்தி மாதிரியே குனிந்து, "உண்மையைச் சொல்லுங்கோ அன்ரி," என்றாள்.

மூன்றாம் தரம். எனக்கு வேறு வழி இருக்கவில்லை. திகதி, பணியாரம், மூச்சு, சுஜீதன் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். அவள் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்ரி, உங்கட மகனுக்குக் கலியாணம் முடிஞ்சு நாலு வருசமாம். அஞ்சலி அக்கா வெளியில நிண்டு அழுதுகொண்டு சொன்னவ. உங்கட மருமகள், அன்ரி!"

"ஓம், தெரியும்," என்றேன். "ஒரு ஆயத்தத்துக்குப் பார்த்து வைக்கிறதில என்ன பிழை?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதை அப்பிடியே கொலிஜுக்கு எழுதிக் குடுங்கோ அன்ரி. நான் சிட்னிக்குப் போகவேணும்," என்றாள்.

அதை அவள் ஒரு தரம்தான் கேட்டாள். நான் உடனே ஓம் என்றுவிட்டேன். ஏனென்று எனக்கே விளங்கவில்லை.

ஆகவே எழுதுகிறேன். பிழையான திகதி சொன்னது நான். பணியாரம் நீட்டியது நான். சாகாமல் செத்ததும் நான். மயூராவின் மூன்று பெயில்களும் என்னுடையவை. அவற்றை என் பெயரில் போட்டுவிட்டு, அவளைப் பாஸ் என்று அனுப்பிவிடுங்கள். அடுத்த செமெஸ்டருக்கு மார்கரெட் தேவையென்றால், செவ்வாய்க்கிழமைகளில் நான் சும்மாதான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
சத்தியபாமா

பிற்குறிப்பு: அஞ்சலியைப் பற்றித் தப்பாக நினைக்கவேண்டாம். நல்ல பிள்ளைதான், ஒரு தரத்துக்கு மேல் கேட்கத் தெரியாது என்பது மட்டுமே குறை. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க நோகுது மாமி, சொல்லுங்கோ மாமி," என்று ஏழெட்டுத் தரம் கேட்டாள். ஆனால் அது பரீட்சை இல்லையே, ஆகவே நான் புள்ளி போடவில்லை.