அஞ்சு மணிக்குள் பதினோரு ஏக்கர்

— ...பேரு புனிதன், த/பெ செல்லன். வயசு அம்பத்தெட்டு. சரிதானுங்க?

— அம்பத்தேழுன்னு போடேன், லோகா.

— ஐ.சி. அட்ட நம்பரு பக்கத்துலயே இருக்கு, அதுல பொறந்த தேதி இருக்குல்ல. கம்ப்யூட்டரு சிரிக்கும்.

— நீ சிரிக்காம இருந்தா சரி.

— சிரிக்க நேரமில்லங்க. மணி நாலேகால். அஞ்சுக்கு இந்த நெலப் பாதுகாப்பு மானியப் பாரம் மூடிக்கும். அப்பறம் அந்தப் பதினோரு ஏக்கரும் போச்சு.

— தெரியும்லா. அதுக்குத்தான மோட்டார் சைக்கிள ஒன் கடை வாசல்லயே போட்டுட்டு ஓடியாந்தேன்.

— வாசல்லயேவா? போட்டோஸ்டேட் எடுக்க வர்றவங்க எப்படி உள்ள வருவாங்க?

— எவனும் வரல. மழ வரப் போவுது. ரவாங் ஊரே வூட்டுக்கு ஓடுது. நீ எழுது.

— நெலத்தக் காப்பாத்துற நம்ம சங்கத்துக்குத் தலைவரு நீங்க, ஆச்சு. செயலாளரு நானு. லோகேஸ்வரி, த/பெ கணேஸ்வரன்... ஆச்சு. அடுத்தது... ம்.

— என்னா ‘ம்’?

— ‘தலைவரும் செயலாளரும் உறவினரா? உறவு இருப்பின் குறிப்பிடவும்.’ என்னங்க போட?

— நீ என்னா நெனக்கிற?

— நான் நெனக்கிறத யாரு கேட்டா? பாரம் கேக்குது.

— இந்தத் தாமான்ல குடியிருக்குற அத்தன பேருக்கும் நான் அண்ணன்தான். பல்லு போன கெழவிகூட அண்ணேங்குது. நீ ஒருத்திதான் இத்தன வருசமா என்னைய எதுவும் சொல்லிக் கூப்புடாமயே பேசிக்கிட்டிருக்க...

— ‘இல்லை’ன்னு போட்டாச்சு. அடுத்தது.

— ஏன் அவ்வளவு வேகமா போட்ட?

— மணி நாலு இருவதுங்க!

— சரி, சரி... போ.

— நெலம் எங்க இருக்கு? ‘ரவாங்–பத்தாங் காலி சாலை, பழைய புக்கிட் கெலாடி தோட்டம்’... அதுக்கு மேல?

— ஏழாம் நம்பர் காடுன்னு போடு.

— காடுன்னு போட்டா பாரஸ்ட் ஆபிசுக்கு அனுப்பிடுவாங்க.

— நம்ம தோட்டத்துல ரப்பர் மரம் நட்ட எடத்தக் காடுன்னுதான சொன்னோம்?

— நம்ம சொன்னோம். அவங்களுக்குப் புரியணும்ல. ‘திறந்தவெளி’ன்னு போடுறேன். மரத்த வெட்டி இருவது வருசமாச்சு, வெறும் புல்லுதான.

— வெறும் புல்லாவா? நீ வந்து பாத்தியா? எத்தன தடவ கூப்புட்டேன்... ஒவ்வொரு தடவயும் முட்டி வலின்னே.

— முட்டி வலிதான்.

— காய்கறி வாங்க பாசாருக்கு நடக்கறப்ப வலிக்காதா?

— ஊரு வாயிக்குப் பயந்த முட்டிங்க அது. பாசாருக்கு நடந்தா யாரும் பேச மாட்டாங்க. ரெண்டு வூட்டுக்காரங்க செத்துப் போன பொம்பள, ஆம்பள... சேந்து அந்த நெலத்து மேட்டுல நின்னா பேசுவாங்க.

— ரெண்டு வூட்டுக்காரங்களா? எனக்குச் செத்தது பொண்டாட்டி லோகா.

— புரிஞ்சுக்கிட்டீங்கல்ல? விடுங்க. ‘இந்நிலம் பாதுகாக்கப்படாவிட்டால் என்ன ஆகும்?’

— கிடங்கு கட்டுவான். இருவது சக்கர லோரி வந்து நிக்கும்.

— அத நாசூக்கா எழுதிக்கிறேன். ‘பொதுமக்களுக்கு இந்நிலத்தால் என்ன பயன்?’ இதுக்குத்தான் மார்க்கு ஜாஸ்தி. நல்லா சொல்லுங்க.

— அந்தப் பள்ளம் மழத் தண்ணிய குடிக்குது. அதுல சிமிந்தி போட்டா அவ்வளவு தண்ணியும் எறங்கி ஒன் கடைக்குள்ள வரும். அத எழுது.

— எழுதிட்டேன். அப்பறம்?

— கொம்பு வச்ச பெரிய குருவி வருது, ஜோடி ஜோடியா. லீவு நாள்ல புள்ளைங்க வாவ் பட்டம் விடுதுங்க. எழுபது எண்பது பேரு காலையில நடக்குறாங்க. சீனரு, மலாய்க்காரரு, நம்மாளு எல்லாந்தான்.

— ம்... அப்பறம்?

— அப்பறம் என்னா... அவ்வளவுதான்.

— போன வருசமும் இதையேதான் எழுதினோம். ஒங்களுக்கு என்னா பயன்னு சொல்லுங்க. நெசத்த.

— எனக்கா?

— ஒங்களுக்குத்தான்.

— ...வெடிகாலைல மேட்டுல போயி நிப்பேன். பனி இருக்கும். ஒண்ணும் தெரியாது. என் மாடுங்க மணிச் சத்தம் மட்டும் கேக்கும், ஒவ்வொண்ணா. எது எங்க நிக்குதுன்னு சத்தத்துலயே சொல்லிடுவேன். பனி எறங்க எறங்க மொதல்ல கொம்பு தெரியும், அப்பறம் முதுகு... அவ போனதுக்கப்பறம், வூட்டுல இருந்தா செவரு என்னைய அமுக்கும் லோகா. அங்க போனாதான் மூச்சு வரும். அதான். இதெல்லாம் கவர்மெண்டுக்கு எதுக்கு? என்னா, தட்ட மாட்டங்கிற?

— தட்டுறேன். கண்ணாடில ஏதோ தூசி.

— கண்ணாடி போடலயே நீ.

— ‘மனநலத்துக்கும் முதியோர் நலனுக்கும் பேருதவியாக உள்ளது.’ போதுமா?

— முதியோரா?!

— அம்பத்தெட்டு. அடுத்த பக்கம்... வந்துருச்சு அந்தக் கட்டம்.

— எந்தக் கட்டம்?

— போன வருசம் நம்ம பாரத்தத் திருப்பி அனுப்புன அதே கட்டம். ‘நிலத்தில் தற்போது கால்நடை மேய்கிறதா?’

— இல்லன்னு போடு.

— எப்படிங்க போடுவேன்?

— கையாலதான்.

— வெளையாடாதீங்க. அடுத்த வாரம் ஆபிசரு நேர்ல வந்து பாப்பாரு. ஒங்க பதினாலு மாடும் அவரு கண்ணு முன்னாலயே மேஞ்சுக்கிட்டு நிக்கும். பொய் சொன்னோம்னு தெரிஞ்சா அப்பறம் எந்தக் காலத்துலயும் கெடைக்காது. இதுதான் கடைசித் தடவ.

— இல்லன்னு போடுலா.

— மாட்டேன். ‘ஆம்’னு போட்டு, கீழ வெளக்கம் எழுதலாம்...

— ஆம்னு போட்டா திருப்பி அனுப்புவான். ஒருக்கா பட்டது போதாதா?

— அதுக்காகப் பொய்யா?

— ...நான் ஊத்துற பாலு இந்த வாரம் எப்படி இருக்கு?

— என்னாங்க இது! மணி நாலு நாப்பது, பாலப் பத்திக் கேக்குறீங்க?

— சொல்லேன். கெட்டியா இருக்கா?

— எப்பவும் போலத்தான் இருக்கு. நல்லா வாசமா... பாலாட எடுத்துக்கூட வச்சேன். போதுமா? இப்ப இந்தக் கட்டத்துக்கு வாங்க.

— வித்தியாசம் ஒண்ணும் தெரியல இல்ல?

— தெரியலங்க! ஏன்?

— சும்மா.

— சும்மா இல்ல. ஒங்க மொகமே சரியில்ல. கட அடச்ச மாதிரி இருக்கு. என்னா ஆச்சு?

— இல்லன்னு போடு லோகா. பொய்யில்ல.

— என்னா சொல்றீங்க?

— மாடு இல்ல. வித்துட்டேன்.

— ...எத்தன?

— பதினாலும்.

— வெளையாடுறீங்க.

— சபாக் ஊருலருந்து ஒரு ஆளு வந்தாரு. செவ்வாக்கிழம. ரெண்டு லோரி. கறிக்கு இல்ல, பாலுக்குத்தான்னு சாமி படத்து முன்னால சத்தியம் வாங்கிட்டுத்தான் கயித்தக் குடுத்தேன்.

— கடவுளே... மெர்டேக்காவையுமா? சுதந்திர நாளன்னிக்குப் பொறந்த கன்னுன்னு எனக்கு முட்டாய் குடுத்தீங்களே?

— அதுதான் ஏற மாட்டேன்னுச்சு. எல்லாம் ஏறிருச்சு, அது மட்டும் பலகைல கால வைக்கல. அடிக்க வந்தாங்க. வேணாம்னு நான் முன்னால ஏறுனேன். என் பின்னாலயே ஏறிருச்சு. அப்பறம் நான் எறங்கிட்டேன்.

— ஐயோ... ஏங்க? யாரு ஒங்கள இப்ப விக்கச் சொன்னா?

— பத்தாங் காலில மாடு வச்சிருக்காருல்ல திருச்செல்வம், அவருதான் சொன்னாரு. இந்த வருசம் மாடு கூடாதுன்னு சட்டமாவே போட்டுட்டாங்களாம். எனக்குத்தான் தெரியுமே, தோட்டத்து ஆளு. தொரை நோட்டீஸ் குடுக்குறதுக்கு முன்னாலயே சட்டி பானையக் கட்டி வச்ச குடும்பம் எங்களுது. போன்னு சொல்லி அப்பறம் போறதுக்கு, நம்மளே போயிட்டா கொஞ்சம் மானமா இருக்கும்...

— அந்தச் சட்டம் முழுசா என்னான்னு தெரியுமா ஒங்களுக்கு?

— மாடு கூடாது. வேற என்னா?

— ‘மானியம் உறுதியான நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள் கால்நடைகளை அகற்ற வேண்டும்.’ ஆம்னு போட்டு, உறுதிக் கடிதம் ஒண்ணு வச்சா போதும். இந்தா பாருங்க... நாலாம் பக்கம், கடைசி வரி.

— ...ஆறு மாசமா?

— ஆறு மாசம்.

— அப்ப... தீபாவளி வரைக்கும் வச்சிருந்திருக்கலாம்.

— வச்சிருந்திருக்கலாம்.

— இது ஒனக்கு எப்ப தெரியும்?

— ...ரெண்டு வாரம் முன்னாலயே.

— ரெண்டு வாரமா? தெனமும்தான வந்தேன் ஒன் வூட்டு வாசலுக்கு! ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?

— எப்படிங்க சொல்லுவேன்? நெலம் வேணும்னா மாட்ட விடுங்கன்னு எந்த வாயால சொல்லுவேன்? தெனமும் காலைல சொல்லணும்னுதான் கதவத் தொறப்பேன். நீங்க அன்னிக்குப் பாத்து ஏதாச்சும் ஒரு மாட்டப் பத்திச் சொல்லிச் சிரிப்பீங்க. மூடிக்குவேன். இன்னிக்குப் பாரத்தப் பாத்து நீங்களே தெரிஞ்சுக்கட்டும்னு... தப்பு என்னுதுங்க. நாந்தான் ஒங்க மாட்ட அனுப்பிச்சேன்.

— சே, சே... அழாத. கீபோர்டுல தண்ணி பட்டா பாரம் போயிரும்.

— சிரிப்புக் காட்டாதீங்க. போயி திருப்பிக் கேட்டா அந்த சபாக் ஆளு குடுக்க மாட்டாரா? நானும் வர்றேன். காரு எடுக்குறேன்.

— குடுப்பாரு. நல்ல மனுசன்தான். ஆனா ஆறு மாசம் கழிச்சு மறுபடியும் லோரி வரும். மறுபடியும் நான் முன்னால ஏறணும்... வேணாம் லோகா. ஒருக்கா போதும். நெலம் இருக்கட்டும். மாடு இல்லாட்டியும் அந்தப் புல்லு அங்க இருக்கணும். அதுல லோரி நிக்கக்கூடாது. அவ்வளவுதான். அழுத்து.

— ‘இல்லை’.

— ம்.

— தொறந்திருச்சு. கடைசிப் பக்கம். உறுதிமொழி... ரெண்டு பேரும் ஒப்புக்கிறோம்னு டிக்கு பண்ணணும். நீங்க பண்ணுங்க.

— எங்க, இங்கயா?

— அது இல்ல. இங்க... இந்தக் கட்டத்துல.

— ஒன் கை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு?

— ஏர்கோன். அழுத்துங்க. ஆச்சு. இப்ப ‘அனுப்பு’... மணி நாலு அம்பத்தி ஆறு. சுத்துது.

— என்னா சுத்துது?

— பாரந்தான். லைன் மழைக்கு மெதுவா... சுத்துது... சுத்துது...

— முருகா.

— போயிருச்சு! நம்பர் வந்திருச்சு பாருங்க. ‘விண்ணப்பம் பெறப்பட்டது’.

— நெசமாவா? படி, இன்னொரு தடவ படி.

— ‘விண்ணப்பம் பெறப்பட்டது.’ கெடைக்குதோ இல்லியோ, போயி சேந்திருச்சு. ஒக்காருங்க. கொஞ்ச நேரம் ஒக்காருங்க.

— ஒக்காந்துதான் இருக்கேன்.

— இந்த மூணு நாளா மேட்டுக்குப் போனீங்களா?

— போனேன். பழக்கம். பனில நின்னு காது குடுத்துக் கேட்டேன். ஒண்ணும் கேக்கல. என்னா அப்படிப் பாக்குற?

— இருங்க. செவ்வாக்கிழம மாடு போச்சு. இன்னிக்கு வெள்ளி.

— ஆமா.

— பொதன்கிழம பாலு கொண்டாந்தீங்க. வியாழன் கொண்டாந்தீங்க. இன்னிக்குக் காலைலகூட அதே போத்தல்ல, அதே மாதிரி, வாசல்ல நின்னு மணி அடிச்சீங்க. அது யாரு வூட்டுப் பாலு?

— ...திருச்செல்வத்துகிட்ட வாங்குனது.

— பத்தாங் காலி போயா?

— நாலரைக்கு எந்திரிச்சா போயிட்டு வந்திரலாம். ரோடு காலியாத்தான் இருக்கும்.

— மத்த வூட்டுக்கெல்லாம்?

— நிறுத்தியாச்சுன்னு சொல்லிட்டேன். ரயில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் எங்கிட்ட பாலு வாங்குறது நீ ஒருத்திதான, மத்தவங்க சொல்லித் தெரிய வராது... ஒங்கிட்ட சொல்ல வரல.

— ஏன் வரல?

— பாலு இல்லாம வந்து ஒன் வாசல்ல நின்னா, எதுக்கு வந்தேன்னு கேட்டா, நான் என்னான்னு சொல்லுவேன் லோகா?

— நான் கேக்கலியே... எனக்குப் பாலே ஒத்துக்காதுங்க. சின்னதுலருந்தே ஒரு சொட்டு எறங்காது. வாசம், பாலாடன்னதெல்லாம் சும்மா. ஆறு வருசமா நீங்க ஊத்துன பாலெல்லாம் பக்கத்து வூட்டு மரியம் புள்ளைங்கதான் குடிச்சு வளந்துச்சுங்க. நாளைக்குக் கைய வீசிக்கிட்டு வாங்க.