மூன்று மணிக் கூட்டம்

— கூட்டத்தை மறுபடியும் போடுங்க சார்.

— ஆரம்பிச்சிட்டியா... எதை வேணும்னாலும் கேளு, இதை மட்டும் கேக்காதேன்னு உனக்கு எத்தனை தடவை சொல்றது?

— இதைத் தவிர கேக்குறதுக்கு எனக்கு வேற ஒண்ணும் இல்லை.

— முதல்ல கதவைச் சாத்தும்மா. ஆபீஸ்காரங்க காதெல்லாம் இங்கதான் இருக்கு.

— சாத்த முடியலை. அட்டைப் பெட்டி குறுக்க கிடக்கு. கல்லூரியை டவுனுக்குள்ள கொண்டு போறது இன்னும் முடிவாகலைன்னு சொன்னீங்க. உங்க முதல்வர் ரூமே மூட்டை கட்டியாச்சு போலிருக்கே?

— அது பழைய கேள்வித்தாள். எலி கடிக்குதுன்னு எடுத்து வச்சோம்.

— சுவத்துல இருந்த படத்தையெல்லாம் கழட்டியிருக்கீங்களே, அதையும் எலி கடிச்சுதா?

— உன் வாய் இருக்கே... மாணவியா இருந்தப்பவும் இப்படித்தான். அப்ப உனக்கு நான் வச்ச பேரு ஞாபகம் இருக்கா?

— பச்சை மிளகாய். பேச்சை மாத்தாதீங்க சார். கூட்டம்.

— கூட்டம்தான் நடந்துச்சே! இடம் மாறலாமான்னு கேட்டோம். எல்லாரும் கை தூக்கினாங்க. ஒருத்தர்கூட வேண்டாம்னு சொல்லலை.

— யாரு எல்லாரும்? மூணு மணிக்கு வச்சீங்க. நம்ம கல்லூரி காலையில ஏழு மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடியுது. ஒன்றரைக்கு பஸ் கிளம்பிடும். அதுக்கப்புறம் இங்க யாரு இருப்பா? வாட்ச்மேனும் அவரு நாயும்.

— பைக்ல வர்ற பசங்க இருந்தாங்க. ஆபீஸ் ஆளுங்க இருந்தாங்க...

— ஜன்னலுக்கு வெல்டிங் பண்ண வந்தவரும் இருந்தாரு. அவரும் கை தூக்கினாரு சார்!

— அவரு எதுக்குத் தூக்கினாரு?

— நானும் கேட்டேன். பக்கத்துல எல்லாரும் தூக்கும்போது நான் மட்டும் சும்மா இருந்தா நல்லாருக்காதேம்மான்னாரு.

— ...சிரிப்பு வருது. நீ முறைக்கிறியேன்னு அடக்கிக்கிறேன்.

— சிரிங்க. உங்களுக்கென்ன. புதுக் கட்டடம் உங்க வீட்டுலேர்ந்து ரெண்டு தெரு.

— அட, அதுக்காகவா போறோம்? எட்டு மாடிம்மா. லிஃப்ட். குளுகுளுன்னு நூலகம். கீழ இறங்கினா கடை கண்ணி, ஆபீஸு, பேங்கு... இங்க என்ன இருக்கு சொல்லு? நெடுஞ்சாலை. புழுதி. சுத்தி நாலு கம்பெனி.

— அந்த நாலு கம்பெனிதான் சார் இங்க படிக்குது! காலையில வகுப்பு, ரெண்டு மணிக்கு ஷிஃப்ட். நானும் அப்படித்தான படிச்சேன்? அங்க ஒன்பதரைக்குத் தொடங்கி நாலரைக்கு முடிப்பீங்க. எவளால ஷிஃப்டுக்குப் போக முடியும்?

— அங்கேயும் காலையில வகுப்பு வைக்கலாம்னு ஒரு யோசனை...

— பொய். காலை நேரத்துக்குக் கட்டடத்தை வேற யாருக்கோ வாடகைக்கு விட்டாச்சு.

— இதை யாரு உனக்குச் சொன்னது?

— வெல்டிங்காரரு. அங்கேயும் ஜன்னல் வேலை அவருதான்.

— அந்த ஆளை முதல்ல...

— சார், எங்க அண்ணி இங்க ரெண்டாம் வருஷம் படிக்கிறாங்க.

— தெரியும் தெரியும். கடைசி பெஞ்ச். கொஞ்சம் தூங்குவாங்க.

— தூங்காம? தையல் கம்பெனியில ராத்திரி பத்து மணி வரைக்கும் மெஷின் மிதிச்சிட்டு வந்து, தலையில ஒட்டின நூலைக்கூட எடுக்காம படுத்து, விடியறதுக்குள்ள எழுந்து சமைச்சு வச்சிட்டு பஸ் பிடிச்சா நீங்களும்தான் தூங்குவீங்க. வீட்டோட இருந்தவங்களை, வாங்க அண்ணி, நான் இருக்கேன்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தவ நான். பாதியில நின்னா உன்னைத்தான் கேப்பேன்னு எங்க அண்ணன் அன்னைக்கே சொன்னான். இப்ப நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு...

— சார்... உள்ள வரலாங்களா?

— வாய்யா டிரைவரு. என்ன, வண்டி இன்னும் கிளம்பலையா?

— கிளம்பணுங்க. பாப்பா, எடுக்கவா?

— கொஞ்சம் இருங்க மாமா. அஞ்சு நிமிஷம்.

— வெயில்ல நிக்குதுங்க எல்லாம்...

— இருங்கன்னேன்ல.

— சரி தாயீ, சரி. பல்லைக் கடிக்காத. நான் வெளியிலயே நிக்கிறேன்.

— என்னம்மா இது? வண்டியை எடுக்கிறதுக்கு என்னைக் கேக்காம உன்னைக் கேக்குறாரு?

— தாய்மாமா சார். அக்கா மகளைக் கேக்காம தும்மகூட மாட்டாரு.

— அதுசரி... இங்க பாரு. உக்காரு. ஒண்ணு சொல்றேன், வெளியில மூச்சு விடாத.

— நின்னுக்கிட்டே கேக்குறேன்.

— அங்க போனதும் உன்னை மாதிரி தற்காலிக ஆளுங்களை எல்லாம் நிறுத்திடுவாங்க. ஒரே ஒரு இடம் மட்டும் நிரந்தரம். வேதியியல். தாளாளர்கிட்ட உன் பேரைச் சொல்லி, தலையை ஆட்ட வச்சிட்டேன்.

— எதுக்காக சார்?

— நல்லா சொல்லித் தர்ற. உங்க குடும்பத்துலயே முதல்ல டிகிரி வாங்கினவ...

— எதுக்காக?

— ...கூட்டத்தைப் பத்தி இனிமே வாயைத் திறக்கக் கூடாது. அவ்வளவுதான்.

— மூணு மணின்னு நேரம் குறிச்சது யாரு? தாளாளரா?

— அதெல்லாம் இப்ப எதுக்கு...

— அவருக்கு நம்ம நேரம் தெரியாது. வருஷத்துக்கு ஒரு தடவை வந்து மாலை போட்டுக்கிட்டுப் போறவரு. தினமும் இந்த மணிச் சத்தத்தைக் கேக்குற ஆளுக்குத்தான் மூணு மணிக்கு இங்க யாரும் இருக்க மாட்டாங்கன்னு தெரியும்.

— ...அவரு பன்னெண்டுக்கு வைக்கலாம்னுதான் சொன்னாரு. நான்தான்... பிள்ளைங்க எல்லாம் இருந்தா கூச்சலாயிடும்மா. எப்படியும் போகத்தான் போறோம். எதுக்கு வம்புன்னு...

— நல்லவேளை. பஸ் நேரத்தை மறந்துட்டேன்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்.

— என்னைக் குத்திக் காட்டுறியா?

— இல்லை. கடைசியாக் கேக்குறேன். நாளைக்குப் பன்னெண்டு மணிக்குக் கூட்டத்தைப் போடுங்க. வரேன்னு சொல்றவங்க சொல்லட்டும், மாட்டேன்னு சொல்றவங்க சொல்லட்டும்.

— நாளைக்குப் போட்டு என்ன பண்ண? இன்னைக்கு மூணு மணிக்கு அங்க கையெழுத்து. தாளாளர், கட்டடக்காரங்க எல்லாரும் வர்றாங்க. நானும் கிளம்பணும்... உன்கிட்ட சொல்ல வேண்டாம்னுதான் பாத்தேன்.

— தெரியும்.

— மறுபடியும் வெல்டிங்காரரா?

— இல்லை. அங்க போடறதுக்கு நாற்காலி ஏத்தச் சொன்னீங்களே, எங்க மாமாகிட்ட.

— பாப்பா! இதுக்கு மேல முடியாது. ரெண்டு வண்டியும் பொங்கி வழியுது. படியில தொங்குதுங்க. உங்க அண்ணி முன் சீட்டுல உக்காந்துக்கிட்டு, என் நாத்தனார் எங்க, என் நாத்தனார் எங்கன்னு என்னை வறுத்தெடுக்குது.

— என்னய்யா பேசுற? மணி ரெண்டாகப் போகுது. ஷிஃப்டுக்கு யாருய்யா பதில் சொல்றது?

— இன்னைக்கு ஷிஃப்டுக்கு யாரும் போகலைங்களே.

— பின்ன எங்க?

— நீங்க போற இடத்துக்குத்தாங்க.

— யோவ்! உன் வேலை போயிடும்யா!

— அங்க பஸ் நிறுத்தவே இடமில்லைங்க. ரெண்டையும் வித்துடப் போறாங்களாம். அப்புறம் நான் என்னத்த ஓட்டுறது, லிஃப்டையா?

— ஏம்மா... இது நீ பண்ண வேலையா? அவங்களுக்கு ஒரு நாள் கூலி போகுமேடீ!

— போகும். அதனாலதான் முதல்ல உங்ககிட்ட வந்தேன். கூட்டம் போடறேன், அதுவரைக்கும் கையெழுத்தை நிறுத்தி வைக்கிறேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எல்லாரையும் கம்பெனிக்கே அனுப்பியிருப்பேன். மாமா, போய் வண்டியை எடுங்க.

— நில்லு. அங்க உன் தலையைப் பாத்தா தாளாளர் அந்த இடத்தை உனக்குத் தருவாரா? உங்க அம்மாவை நினைச்சுப் பாரு. நிரந்தர வேலைம்மா, நிரந்தர வேலை... ஏய், நான் பேசிக்கிட்டே இருக்கேன், எங்க போற?

— பஸ்ல நின்னுக்கிட்டுப் போக. வேதியியலுக்கு வேற ஆளைப் பாத்துக்கோங்க சார். லேப் சாவி உங்க மேஜை மேலதான் இருக்கு... உள்ள வரும்போதே வச்சிட்டேன். நீங்கதான் கவனிக்கலை.