பதினைந்தாயிரத்து நானூறு கலோரி

அரிசியை வேகவைப்பதற்கு முன் எடை போட வேண்டுமா, வெந்த பிறகா என்பது பலருக்குத் தெரிவதில்லை. முன்புதான் போட வேண்டும். வெந்த சோறு தண்ணீரை இழுத்துக்கொண்டிருக்கும். என் மனைவிக்கு இதைப் புரியவைக்கவே எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

என் பெயர் பரமசிவம். சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் இருபத்து மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். விமானம் கிளம்புவதற்குமுன் ஒவ்வொரு பெட்டியின் எடையும் தாளில் எழுதியதோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. தாளில் எண்பது கிலோ, தராசில் தொண்ணூறு என்றால் யாரோ சொல்லாமல் எதையோ உள்ளே வைத்திருக்கிறார்கள். பெட்டியைத் திறந்துதான் ஆக வேண்டும். இதை முதலில் எழுதிக்கொண்டீர்கள் என்றால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும், இன்ஸ்பெக்டர்.

உமாமகேஸ்வரிக்கு வயது நாற்பத்தொன்பது, உயரம் 157 சென்டிமீட்டர், எடை 84 கிலோ. மூட்டுவலி என்று பாலிகிளினிக் போனபோது டாக்டர் பத்துக் கிலோ குறைக்கச் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். அவள் தலையாட்டுவதெல்லாம் எத்தனை நாளைக்கு என்று எனக்குத் தெரியாதா? பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். வயதையும் உயரத்தையும் எடையையும் சூத்திரத்தில் போட்டால், சும்மா படுத்திருந்தாலே அவள் உடம்பு ஒரு நாளைக்கு 1,415 கலோரி செலவழிக்கும் என்று வந்தது. வீட்டுவேலையைச் சேர்த்தால் 1,700. அதில் ஐந்நூறைக் கழித்து, நாளைக்கு 1,200 என்று வைத்தேன். இதில் கொடுமை எதுவும் இல்லை. யாரிடம் வேண்டுமானாலும் காட்டிக் கேளுங்கள்.

பத்து வாரத்தில் ஐந்து கிலோ குறைந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அலுவலகத்தில் ஒருவர் விடாமல் சொன்னேன். அவளுக்கு டெக்கா சந்தையில் புதுச் சேலைகூட வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு எடை ஏற ஆரம்பித்தது. 79 எண்பதாயிற்று, அடுத்த வாரம் 81.4. சாப்பாட்டை 900 ஆக்கினேன், பிறகு 700. குளிர்சாதனப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டேன். அப்படியும் ஏறியது. உள்ளே போவது குறையக் குறைய எடை கூடுவது எங்கே நடக்கும்? அவள் திருட்டுத்தனமாகச் சாப்பிடுகிறாள் என்பதைத் தவிர வேறு விளக்கம் இல்லை. ஒருநாள் அவள் நைட்டிப் பையில் பாதி பிஸ்கட் இருந்தது. சமையலறை இழுப்பறையில் கையை வைக்கச் சொல்லி மூடினேன். இரண்டு விரல் முறிந்தது. கிளினிக்கில் கதவு இடுக்கில் மாட்டிக்கொண்டதாக அவளே சொன்னாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

எதிர்வீட்டு சம்சுன்னிசா ஒரு டப்பாவில் நோன்புக் கஞ்சி கொண்டுவந்தார்.

"அண்ணே, உமாக்கா முகமே சரியில்ல லா. நாலு படி ஏறினா மூச்சு வாங்குது. டாக்டர்கிட்ட காட்டுங்க."

"சாப்பாடு அதிகமானா மூச்சு வாங்கத்தான் செய்யும்," என்று சொல்லி, அவர் கண்ணெதிரிலேயே கஞ்சியைக் கழுவுதொட்டியில் கொட்டினேன். அந்த அம்மாள்தான் பிறகு உங்களுக்கு போன் செய்தவர். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

என் மகள் ரோஷினி கிளமெண்டி பக்கம் பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஒரு சனிக்கிழமை வந்தவள் அம்மாவின் காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். குழி விழுந்து அப்படியே நின்றது.

"அப்பா, இங்க பாருங்க. திஸ் இஸ் நாட் நார்மல். ஹாஸ்பிடல் போலாம்பா."

கொழுப்பு இளகினால் அப்படித்தான் இருக்கும் என்று விளக்கினேன். பரீட்சை முடியும்வரை வீட்டுக்கு வரவேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினேன். படிக்கிற பிள்ளைக்கு இந்தக் கவலையெல்லாம் எதற்கு?

கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். காலை எட்டு மணிக்குத் தராசில் ஏற்றினேன். போன வாரம் 82.9, இந்த வாரம் 84.9. ஆரம்பித்த இடத்தையே தாண்டிவிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது, அதை மறைக்கமாட்டேன். ஆனால் குரலை உயர்த்தவில்லை. உடம்பில் ஒரு கிலோ ஏற 7,700 கலோரி வேண்டும். இரண்டு கிலோவுக்கு 15,400. ஒரே வாரத்தில் அவ்வளவையும் எங்கே, எப்போது சாப்பிட்டாள் என்று மட்டும் கேட்டேன். வேலைக்குப் போகும்போது வீட்டை வெளியே பூட்டிவிடுவேன்; முந்தின நாள் டெக்கா சந்தையில் நான் வெண்டைக்காய் பொறுக்கிய பத்து நிமிடம்தான் அவள் என் கண்ணில் படவில்லை. பத்து நிமிடத்தில் அவ்வளவு சாப்பிட முடியாதுதான். ஆனால் கணக்கு அப்படித்தான் சொன்னது.

"சத்தியமா எதுவும் சாப்பிடலங்க. படுத்தா மூச்சு முட்டுது. என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க," என்றாள். இதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நிற்கமுடியாமல் தள்ளாடினாள். அதனால் நாற்காலியில் உட்காரவைத்து, சரக்கு கட்டும் பட்டையால் கட்டினேன். வேலையிடத்திலிருந்து கொண்டுவந்தது. அதன் நுனியில் இரும்புக் கொக்கி இருக்கும். இன்னொரு பட்டையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு 'சாப்பிடல'வுக்கும் ஓர் அடி. முதுகில், தொடையில், ஒரு தடவை குறிதவறி வாயில். பல் ஒன்று விழுந்தது. ஒன்பது மணிக்குமேல்தான் வழிக்கு வந்தாள்.

"ஆமாங்க, சாப்பிட்டேன்."

"என்ன சாப்பிட்டே?"

"வடை... ரெண்டு வடை. பிரியாணி."

எழுதிக் கூட்டினேன். 1,300கூட வரவில்லை. மிச்சத்தையும் சொல் என்றேன். பரோட்டா என்றாள், லட்டு என்றாள், லக்சா என்றாள். ஒவ்வொன்றும் எத்தனை என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். அவள் தயங்கியபோதெல்லாம் கொக்கிப் பக்கத்தால் அடித்தேன். ரோஷினியின் பிறந்தநாள் கேக் என்று ஒன்றைச் சொன்னாள். அது போன வருடம் வெட்டியது, அதனால் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். பதினொரு மணிவாக்கில் மொத்தம் 15,420 வந்தது. இருபது கூடுதல். அதை நான் பெரிதுபடுத்தவில்லை.

கணக்கு தீர்ந்தது, தண்டனை பாக்கி. ஆயிரத்துக்கு ஒன்று வீதம் பதினைந்து அடி என்று அவளிடம் முன்கூட்டியே சொன்னேன். ஒன்பதாவதில் அவள் தலை சாய்ந்துவிட்டது. மீதி ஆறையும் முடித்துவிட்டுத்தான் தண்ணீர் எடுக்கப் போனேன். பாதியில் விட்டால் பயம் போய்விடும். முகத்தில் தெளித்தபோது கண் திறக்கவில்லை. சம்சுன்னிசா கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் போய்த் திறந்தேன்.

நேற்று பிரேதப் பரிசோதனை அறிக்கையை வாசித்துக் காட்டினீர்கள். இதயம் பழுதாகிப் பல வாரங்களாக உடம்பில் நீர் கோத்திருந்ததாம். காலிலும் வயிற்றிலும் நெஞ்சிலுமாக ஒன்பது லிட்டருக்குமேல். இரைப்பையில் ஒரு பருக்கைகூட இல்லையாம். விலா எலும்பு நான்கு முறிந்திருந்ததாம். எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிறேன். கட்டியது நான், அடித்தது நான், அதில்தான் அவள் செத்தாள். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்றுதான் என் மனதை அறுக்கிறது, இன்ஸ்பெக்டர். அப்படியென்றால் அவள் அந்த வாரம் எதையுமே திருடிச் சாப்பிடவில்லை. அந்த வடை, பிரியாணி, லட்டு எல்லாமே கட்டுக்கதை. இருபத்தாறு வருடம் கூடவே வாழ்ந்த புருஷனிடம், முகத்துக்கு நேராக, இரண்டு மணி நேரம் பொய் சொல்லியிருக்கிறாள். சாப்பிடவில்லை என்று உண்மையை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அப்போதே பட்டையைக் கீழே போட்டிருப்பேன்.