நினைவுச் சுவரில் வருகைப் பதிவு

மாலை ஆறே முக்கால். நகரத்தின் நட்டநடுவில் ஒரு சாலை... அதில் ஒரு சைக்கிள்கூட இல்லை. மறுநாள் காலையில் பெரிய மனிதர்கள் மலர்வளையம் வைக்க வருகிறார்கள் என்று, மத்தியானமே இரண்டு பக்கமும் தடுப்பு போட்டு அடைத்துவிட்டார்கள்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கத்திச் சொல்கிற கதை இல்லை இது. என் நண்பனுடைய சித்தப்பாவுக்கு நடந்தது. கடைப் பலகை எழுதுகிற பெயின்டர் அவர். ஒரே பெண், எட்டு வயது, சரியான வாலு. அவள் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன்... கேட்காதீர்கள்.

அந்தச் சாலை முடிகிற இடத்தில்தான் நினைவுச் சுவர். நூறு வருஷத்துக்கு முன்னால் அது போர்க்களம். இப்போது சுற்றிலும் வங்கி, செருப்புக் கடை, பல் ஆஸ்பத்திரி. செத்த சிப்பாய்களின் பெயர் தொண்ணூற்றாறு, கல்லில் வெட்டியது. வெட்டின பள்ளத்தில் கறுப்புப் பெயின்ட் நிரப்ப வேண்டும். இன்னும் முப்பது பெயர் பாக்கி. மனைவிக்கு இரவு டியூட்டி, நர்ஸ். அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் பெண்ணையும் கூட்டி வந்திருந்தார்.

கல் தேய்ந்து எழுத்து சரியாகத் தெரியவில்லை. அலுவலகத்தில் ஒரு பட்டியல் கொடுத்திருந்தார்கள். அவள் படிப்பாள், அவர் தீட்டுவார். சும்மா படிப்பாளா அவள்? டீச்சர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். கூப்பிட்டுவிட்டு, அவளே குரலை மாற்றி, "உள்ளேன் ஐயா!"

"அடி கழுதை, செத்தவங்களுக்கா அட்டெண்டன்ஸ் எடுக்கிற?"

சிரித்தார். சிரித்தாரே ஒழிய, நிறுத்தச் சொல்லவில்லை மனுஷன்.

நடுவில் பிரஷ் முடி கொட்ட ஆரம்பித்தது. புதியது எடுத்தார். புதுப் பிரஷை ஓட்டிப் பார்க்க எந்தப் பெயின்டரும் கைக்கு வந்ததை எழுதுவார். ஒருத்தர் சுழி போடுவார், ஒருத்தர் 'அம்மா' என்று எழுதுவார். இவர் கை எழுதுவது மகள் பெயரை. எட்டு வருஷப் பழக்கம். கடைசிப் பெயருக்குக் கீழே வெறும் கல் இருந்தது. அங்கே எழுதினார். அழகாக விழுந்தது. உடனே தின்னர் துணியால் துடைத்தும் விட்டார், பொட்டு மிச்சமில்லை.

வேலை ஓடியது. ஒரு பெயர்... "உள்ளேன் ஐயா". அடுத்த பெயர்... "உள்ளேன் ஐயா". ஒவ்வொரு தடவையும் வேறு குரல். கரகரப்பாக ஒன்று. நெஞ்சில் சளி கட்டினது போல ஒன்று. பரவாயில்லையே, நன்றாகத்தான் நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே தீட்டினார். அப்புறம்தான் வாசனை மூக்கில் ஏறியது. தின்னர் இல்லை. நனைந்த தோல்... கருகின வெடிமருந்து... திரும்பிப் பார்த்தார்.

பெண் படியில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். பட்டியல் அவள் தலைக்கு அடியில் இருந்தது.

கூப்பிடுகிற குரல் நிற்கவில்லை. ஆண் குரல். அவசரமே இல்லாத குரல். தொண்ணூற்று ஐந்தாவது பெயர்... தொண்ணூற்று ஆறாவது பெயர்... "உள்ளேன் ஐயா." அதோடு முடிய வேண்டும் இல்லையா? ஒரு மூச்சு விடுகிற நேரம் சும்மா இருந்தது. பிறகு அவருடைய பெண்ணின் பெயரைக் கூப்பிட்டது.

தூக்கத்திலும் பதில் சொல்கிற வயசு. உதடு பிரிந்தது. "உள்..."

பாய்ந்துபோய் வாயைப் பொத்தினார், பெயின்ட் கையோடு. இரண்டாம் தடவை கூப்பிட்டது. அவள் விழித்துக்கொண்டு திமிறினாள்.

"வேணாம்டா கண்ணு... அப்பா சொல்றேன்ல, வாயைத் திறக்காத!"

மூன்றாம் தடவை. பதில் வராது என்று ஆனதும், பக்கத்தில்... மிகப் பக்கத்தில்... அதே குரல் யாரிடமோ சொன்னது.

"ஆள் ஒண்ணு குறையுது. போய்க் கூட்டிட்டு வா."

சரளைக் கல்லில் பூட்ஸ் சத்தம். ஒரே ஜோடி. சளக்... சளக்... உள்ளே தண்ணீர் நிற்கிற பூட்ஸ். பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். தடுப்பில் இடித்து முழங்கால் கிழிந்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் அவருக்குத் தெரியும்.

மறுநாள் காலை, வாசலில் ஈரத் தடம். வீடு மாறினார்கள். பதினைந்தே நாளில் அந்த வாசலிலும் தடம். பெயின்டர் சாப்பாட்டில் கை வைப்பதில்லை, தூங்குவதில்லை. பாதி ஆளாகிவிட்டார். கடைசியில் அம்மாக்காரிதான் சொன்னாள்.

"கூப்பிடுறது பேரைத்தானே? பேரையே மாத்திடுவோம்."

மாற்றினார்கள். சான்றிதழ், பள்ளிக்கூடம், ரேஷன் அட்டை, எல்லாவற்றிலும். பழைய பெயரைப் பற்றி வீட்டில் யாரும் மூச்சு விடக் கூடாது. தடம் நின்றது. ஆறு மாதம் ஒன்றுமில்லை. அப்பாடா என்று மனுஷன் மறுபடி சிரிக்க ஆரம்பித்தார்.

போன செவ்வாய்க்கிழமை, மகளைக் கூட்டி வரப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார். அங்கே வாட்ச்மேன் நல்ல மனுஷன், யாருக்கும் உதவி செய்கிறவர். இவரைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"உங்க ஆளு ஒருத்தர் வந்திருந்தார் சார். பாவம், மழையே இல்ல, காலெல்லாம் தண்ணி. பாப்பாவோட பழைய பேரையே சொல்லிச் சொல்லிக் கேட்டுட்டு நின்னாரு. எனக்கு மனசு கேக்கல... புதுப் பேரை ஒரு சீட்டுல எழுதிக் கொடுத்து அனுப்பினேன்."