பதினைந்து டிகிரி

பெயின்ட்டை எப்போதும் தண்ணீர் விட்டு இளக்கித்தான் பூச வேண்டும். புட்டியிலிருந்து எடுத்து அப்படியே அப்பினால் பொம்மையின் மூக்கு, வாய் எல்லாம் மூடிப்போய்விடும். இந்த ஒரு விஷயம் என் மண்டையில் ஏற எட்டு மாதம் ஆயிற்று, டாக்டர். ஐம்பத்தொரு வயதில் ஒருவன் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தால் அப்படித்தான்.

நீங்கள் அனுப்பிய குறிப்பு கிடைத்தது. என் மைத்துனனின் கண்ணாடியில் இரண்டு லென்ஸ்களும் திரும்பியிருந்தன, திருகு தளர்ந்திருக்கலாம், சரிசெய்து கொடுத்துவிடுங்கள் என்று மரியாதையாக எழுதியிருந்தீர்கள். கொடுத்துவிட்டேன். ஆனால் அந்தத் 'திருகு தளர்ந்திருக்கலாம்' மூன்று நாளாக என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாகக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். நான் முடுக்கிய திருகு தானாகத் தளர்ந்ததாக இதுவரை ஒரு ஆள் சொன்னதில்லை. கண் பரிசோதிக்கும் லென்ஸ் பெட்டியை என்னைத் தவிர யாரும் தொட்டதில்லை. அதில் ஒரு லென்ஸ்கூட இடம் மாறி இருந்ததில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுவது நல்லது.

மைத்துனன் என்றால் மனைவியின் தம்பி. டவுன் பஸ் டிரைவர். எட்டு வயதில் சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு வீடெல்லாம் ஓட்டினவன் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். அவனுக்கு அந்த டிரைவர் சீட்டைத் தவிர வேறு ஆசை கிடையாது. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன்தான் என்னை ஒரு விளையாட்டுச் சாமான் கடையின் மாடிக்குக் கூட்டிப் போனான். பெரிய மேஜை, அதன்மேல் அட்டையில் செய்த மலை, கோட்டை, நடுவில் கட்டைவிரல் உயரத்துக்குப் பொம்மைப் படைகள். பகடை உருட்டிச் சண்டை போடுகிறார்கள். எல்லாரும் மீசை நரைத்தவர்கள். பொம்மை என்று சொன்னால் முறைக்கிறார்கள். மினியேச்சர் என்று சொல்ல வேண்டும். சாம்பல் நிறத்தில் வாங்கி, அவரவர் படைக்கு அவரவரே பெயின்ட் அடிக்க வேண்டும். கடைக்காரரை எல்லாரும் ஜெனரல் என்று கூப்பிட்டார்கள். உடற்தகுதித் தேர்வில் பாதம் தட்டையாக இருக்கிறதென்று ராணுவத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்.

புதியவர்கள் என்று நாங்கள் இரண்டு பேர்தான். ஒரே நாளில், ஒரே மேஜையில், ஒரே மாதிரி குள்ளவீரனை வாங்கி ஆரம்பித்தோம். இரண்டு மணி நேரம் கழித்து ஜெனரல் வந்து என்னுடையதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, இது முகமா முதுகா?"

முகம் என்றேன். அப்படியென்றால் தாடி நன்றாக வந்திருக்கிறது என்றார். தாடி என்று அவர் சொன்னது கோடரியை. என் மைத்துனனின் வீரனுக்குப் புருவம் இருந்தது. கன்னத்தில் லேசான சிவப்பு இருந்தது. நாள் முழுக்க பஸ் ஓட்டுகிற கை, டாக்டர். நானோ மூக்குக்கண்ணாடியின் திருகை, அரிசியில் பாதி இருக்கிற திருகை, தொட்டுப் பார்த்தே முடுக்குகிறவன். நியாயமாகப் பார்த்தால் புருவம் எனக்குத்தான் வந்திருக்க வேண்டும்.

நான் உழைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கடையில் ஆள் இல்லாத மதியங்களில் கல்லாவுக்குப் பக்கத்திலேயே வரிசையாக வைத்துக்கொண்டு பூசினேன். எலும்புக்கூட்டு வீரர்கள் இருபது பேரை முடித்தேன். அவர்களுக்கு முகமே கிடையாது என்பதால் கொஞ்சம் தைரியம் வந்தது. பழுப்பு என்று நினைத்து ஊதாவில் ஆறு குதிரைகளை அடித்துவிட்டேன். பெயின்ட் கம்பெனிக்காரர்கள் இப்போதெல்லாம் புட்டியில் எறும்பை விட்டுத்தான் எழுத வைக்கிறார்கள் போலிருக்கிறது. ஒன்றும் படிக்க முடியவில்லை. அதற்கப்புறம் மைத்துனன் வரும்போது அவனைப் படிக்கச் சொல்லி, மூடியில் அடையாளம் வைத்துக்கொண்டேன். முடித்த பொம்மையைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்ப்பேன். ஓவியர்கள் படத்தை விட்டு விலகி நின்று பார்ப்பார்களே, அது எனக்கு இயல்பாகவே வந்துவிட்டது. தள்ளிப் பிடித்தால் எல்லாமே நன்றாகத்தான் இருந்தது.

எனக்குக் கண்தான் வரவில்லை. பொம்மையின் கண்ணைச் சொல்கிறேன். முதலில் வெள்ளைப் பொட்டு, அதன்மேல் கடுகில் கால்வாசிக்கு ஒரு கறுப்புப் புள்ளி. அவ்வளவுதான் வேலை. என் வீரர்களில் பாதிப் பேர் பேயைக் கண்டவர்கள் மாதிரி இருந்தார்கள், மீதிப் பேர் நல்ல தூக்கத்தில் இருந்தார்கள். மைத்துனனின் வீரர்கள் எதிரே உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வயிறு எரிந்தது.

வருஷ முடிவில் புதியவர்களுக்கு முன்னேற்றக் கோப்பை என்று ஒன்று உண்டு. முதலில் செய்த பொம்மையையும் கடைசியில் செய்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். யார் அதிக தூரம் வந்திருக்கிறார் என்பதுதான் கணக்கு. இதைக் கேட்டதும் எனக்குத் தெம்பு வந்தது. என் முதல் பொம்மையைவிடக் கேவலமாக ஒன்றை யாராலும் செய்ய முடியாது. அங்கே நான் அசைக்க முடியாத இடத்தில் இருந்தேன். அவன் பிரச்சினை, அவன் முதல் பொம்மையே நன்றாக இருந்ததுதான். அதற்குமேல் அவன் ஏறாமல் இருந்தால் போதும். ஆனால் அவன் வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே இருந்தான்.

அந்தச் சமயத்தில்தான் நீங்கள் பவர் எழுதிக் கொடுத்த சீட்டோடு புதுக் கண்ணாடிக்கு வந்தான். அவனுக்குச் சிலிண்டர் பவர் அதிகம். அந்த மாதிரி லென்ஸுக்கு ஒரு திசை உண்டு, கடிகார முள் மாதிரி. நீங்கள் எழுதின டிகிரியில்தான் அது நிற்க வேண்டும். உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, ஆனால் இந்தக் கடிதத்தை வேறு யாராவது படிக்க நேரலாம். சதுர பிரேமில் லென்ஸைத் திருப்ப முடியாது. வட்ட பிரேமில் திருப்பலாம்.

"உன் முகவெட்டுக்கு வட்டம்தான்டா எடுப்பா இருக்கும்" என்றேன். அது பொய் இல்லை. எடுப்பாகத்தான் இருந்தது.

முதலில் ஐந்து டிகிரி. சாதாரணக் கடைக்காரனுக்குக் கை நழுவினாலே ஐந்து டிகிரி வரும். எனக்குக் கை நழுவாது. வலது லென்ஸை ஒரு பக்கமும் இடது லென்ஸை மறுபக்கமும் அளந்து திருப்பினேன். கருவியில் வைத்து நீங்கள் பார்த்தபோதே கவனித்திருக்க வேண்டும், டாக்டர். தானாகத் தளர்ந்த லென்ஸ் இரண்டு பக்கமும் ஒரே அளவு திரும்புமா?

நாலு நாளில் வந்து நின்றான்.

"மாமா, ஒரே தலைவலி. நேரா கோடு இழுத்தா சாயுது."

"புதுக் கண்ணாடின்னா பத்து நாள் அப்படித்தான் இருக்கும். கழட்டாம போட்டுப் பழகு."

பழகிக்கொண்டான். அவன் எதற்கும் பழகிக்கொள்வான், அதுதான் அவனிடம் எரிச்சல். இரண்டு வாரத்தில் மறுபடியும் புருவம் வரைய ஆரம்பித்துவிட்டான். துடைத்துத் தருகிறேன் என்று வாங்கிப் பத்தாக்கினேன். அதன்பிறகு அவன் வரைந்த கண்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயத் தொடங்கின. ஜெனரல் பார்த்துவிட்டு, என்னப்பா உன் ஆட்கள் எல்லாம் சந்தேகமாகவே பார்க்கிறார்கள் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவன் தோளில் தட்டிக்கொடுத்தேன். எனக்கு அவன்மேல் எப்போதும் பிரியம் உண்டு.

அடுத்த மாதம் கடைக்கு வந்து, அவனாகவே நாற்காலியில் உட்கார்ந்து எதிர்ச்சுவர் எழுத்துகளைப் படித்தான். அந்தக் கண்ணாடியோடுதான்.

"கடைசி மூணு வரி தெரியலையே மாமா. அப்பாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது?"

என் மாமனாருக்குக் கடைசி ஒன்பது வருஷம் பார்வை இல்லை. சுவரைத் தடவிக்கொண்டு நடப்பார். அவரைக் கைபிடித்துக் கூட்டிப்போனவன் இவன்தான்.

"இப்ப எதுக்குடா அதெல்லாம் நினைக்கிற" என்றேன். இல்லை என்று சொல்லவில்லை, கவனியுங்கள். பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது.

"ஆஸ்பத்திரிக்குப் போயி ஒருதடவை காட்டிடவா?"

"காட்டலாம். வண்டி ஓட்டக்கூடாதுன்னு எழுதிக் கொடுத்துட்டாங்கன்னா என்ன பண்ணுவ? கொஞ்ச நாள் பொறு. நான் பார்த்துக்கிறேன்."

கண்ணாடியை வாங்கிப் பார்த்துக்கொண்டேன். அதுதான் பதினைந்து.

அவன் பின்னால் தினமும் ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை நான் யோசிக்காமல் இல்லை. யோசித்தேன். அவன் ரொம்ப ஜாக்கிரதையான டிரைவர் என்றும் யோசித்தேன். மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை, அதனால் நான் நினைத்தது சரிதான். நாலாவது வாரம் ஒரு திருப்பத்தில் பஸ்ஸை விளக்குக் கம்பத்தில் உரசிவிட்டான். முன்சீட்டில் இருந்த ஒரு டீச்சருக்கு மணிக்கட்டு முறிந்தது. இடது கைதான். அவன் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அழுதிருக்கிறான். மறுநாள் டிப்போவுக்குப் போய், இனி ஓட்ட மாட்டேன் என்று அவனாகவே எழுதிக் கொடுத்துவிட்டான். யாரும் கேட்கவில்லை. இப்போது டிப்போ வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிற பஸ்ஸின் நம்பரை நோட்டில் குறிக்கிறான். அதையும் பக்கத்தில் இருப்பவரிடம் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறானாம்.

அந்த வாரம் அவன் தன் பிரஷ், பெயின்ட், பொம்மை எல்லாவற்றையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு என் கடைக்குக் கொண்டுவந்தான். "நீங்களாவது நல்லா பண்ணுங்க மாமா" என்றான். பெட்டியைத் திறந்து பார்த்தேன். அவனுடைய பிரஷ்கள் அருமையானவை. ஒரு முடிகூடப் பிரியவில்லை.

முன்னேற்றக் கோப்பையை எனக்குக் கொடுத்தார்கள். போட்டியில் ஒரே ஆள் நான். ஜெனரல் என்னுடைய முதல் பொம்மையையும் கடைசிப் பொம்மையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எது முதல் என்று ஒருமுறை கேட்டார். அந்த மாடியில் வெளிச்சம் போதவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். கோப்பை இப்போது கடையில் கல்லாவுக்குமேல் இருக்கிறது, பக்கத்தில் அந்தக் கடைசி வீரனும்.

மற்றது உங்களுக்குத் தெரியும். என் மனைவி அழுது புரண்டு தம்பியை உங்களிடம் இழுத்து வந்தாள். அவன் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை, கண்ணாடியில்தான் என்று நீங்கள் சொன்னதும் அவள் ஆஸ்பத்திரி நடுக்கூடத்தில் உட்கார்ந்து சிரித்தாளாம். என்மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. திருகு என்று நீங்கள் சொன்னீர்கள், எல்லாரும் திருகு என்று நம்பினார்கள். அவன் என்னிடம் மன்னிப்பே கேட்டான்.

"நான்தான் துடைக்கிறப்போ அழுத்தித் திருப்பிட்டேன் போல மாமா. உங்க பேருதான் கெட்டுப்போச்சு."

இந்தக் கடிதத்தை டிப்போவில் காட்டினால் அவன் பெயரில் எழுதியிருக்கிற விபத்தை அடித்துவிடுவார்கள், டிரைவர் சீட்டும் திரும்பக் கிடைக்கலாம். காட்டிக்கொள்ளட்டும். நான் அதற்காக எழுதவில்லை. என் திருகைப்பற்றி ஊர் தப்பாகப் பேசக்கூடாது, அவ்வளவுதான். இரண்டு லென்ஸையும் திருப்பியது நான். மூன்று தடவை. அளந்து.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். நேற்று சரிசெய்த கண்ணாடியை வாங்க வந்தவன், அதை மாட்டிக்கொண்டு முதலில் தெருவைப் பார்த்தான், ரொம்ப நேரம். அப்புறம் கல்லாவுக்குமேல் இருந்த என் வீரனைக் கையில் எடுத்தான். கண்ணுக்கருகில் கொண்டுபோனான்.

"நல்லா இருக்கு மாமா" என்றான் கடைசியில். காய்ச்சல்காரர்களிடம் பேசுகிற குரலில். வாசல்வரை போனவன் திரும்பி நின்றான். "தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்களும் ஒருதடவை கண்ணை டெஸ்ட் பண்ணிக்கோங்க. எதையுமே கையை நீட்டித்தான் பார்க்கிறீங்க."

அவன் போனதும் கடைக் கதவைச் சாத்திவிட்டு என் நாற்காலியில் நானே உட்கார்ந்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. சோதனை பிரேமை மாட்டி, பெட்டியிலிருந்து, வயதானவர்களுக்குப் படிக்கப் போடுகிற இரண்டு பவர் லென்ஸை எடுத்துப் போட்டேன். என் கோப்பை வீரனைப் பார்த்தேன். ஒரு கண் நெற்றியில் இருந்தது. இன்னொன்று மீசைக்குள் இருந்தது. முதுகுத் துணியில் என் கட்டைவிரல் ரேகை முழுசாகப் பதிந்திருந்தது. அப்புறம் அவன் அட்டைப்பெட்டியிலிருந்து அவன் கடைசியாகச் செய்த வீரனை எடுத்தேன், அந்தப் பதினைந்து டிகிரியில் செய்ததை. கண்கள் சாய்ந்துதான் இருந்தன. ஆனால் இரண்டும் ஒரே மாதிரி சாய்ந்திருந்தன, விளிம்பில் ஒரு பிசிறு இல்லை, அது என்னையே பார்த்தது.

கழற்றி வைத்துவிட்டேன். என் பார்வையில் ஒரு குறையும் இல்லை, டாக்டர். அந்தப் பெட்டியில் யாரோ லென்ஸை இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள்.