ஒரே பேருக்கு ரெண்டு வரிசை

மாமியார்: செருப்பை வெளியவே விட்டுட்டேன், போதுமா? இப்பவாவது என்னை உள்ள விடச் சொல்லு உன் கம்ப்யூட்டர்கிட்ட.

மருமகள்: உக்காருங்க அத்தை. விடுதி ஆபீஸ்ல இருந்து இவ்வளவு தூரம் நடந்தா வரணும்? ஒரு போன் பண்ணியிருந்தா...

மாமியார்: போன் பண்ணா ‘பார்க்கறேன் அத்தை’ம்பே. குழாய் ஒழுகுதுன்னு உன் புருஷன்கிட்ட சொன்னா அவனும் அதேதான் சொல்றான். இன்னும் ஒழுகிட்டுதான் இருக்கு.

மருமகள்: அது உங்க வளர்ப்பு, எனக்குச் சம்பந்தமில்ல. திரையில என்ன வருது?

மாமியார்: ‘அனுமதி இல்லை’. பேரு சரி, பாஸ்வேர்டு சரி. பக்கத்து சீட்டு அம்மாவுக்குத் திறக்குது, வாட்ச்மேனுக்குக்கூடத் திறக்குது. இனிமே காலேஜ் முழுக்க ஒரே பாஸ்வேர்டு, எல்லாக் கதவும் திறக்கும்னு சாப்பிடறப்போ பெருமையடிச்சியே... மாமியாருக்கு மட்டும் பூட்டா?

மருமகள்: ஐயோ, கெட்ட பேரு வாங்கிக் குடுக்காதீங்க. முதல் நாளே இதுதான் முதல் புகார். இருங்க... ம்... அட!

மாமியார்: என்ன அட?

மருமகள்: நீங்க பேரு போட்டதும், ‘இவங்க யாரு’ன்னு டேட்டாபேஸ்கிட்ட ஒரு கேள்வி போகும். ஒரே ஒரு பதில்தான் வரணும். உங்களுக்கு ரெண்டு வருது.

மாமியார்: ரெண்டா?

மருமகள்: ஒரே பேரு, ஒரே பிறந்த தேதி, ஆனா பட்டியல்ல ரெண்டு வரிசை. எது நிஜ ஆளுன்னு தெரியாம ரெண்டு பேரையும் வாசல்லயே நிறுத்திடுச்சு.

மாமியார்: ...யாராவது தப்பா ஏத்தியிருப்பாங்க.

மருமகள்: அப்ப சுலபம். ரெண்டாவதை அழிச்சிட்டா முடிஞ்சுது.

மாமியார்: அழிக்காதே!

மருமகள்: ஏன்?

மாமியார்: இல்ல... எதையும் யோசிக்காம அழிக்கக் கூடாதுன்னு நீதானே சொல்லுவே.

மருமகள்: நான் எப்ப சொன்னேன்?

மாமியார்: சொல்ற முகம்தான் உனக்கு. முதல்ல அந்த ரெண்டாவது ஆளு யாருன்னு... வேணாம், அதையும் பார்க்காதே.

மருமகள்: பார்க்கவும் கூடாது, அழிக்கவும் கூடாது, ஆனா உங்களை உள்ள விட்டுடணும்?

மாமியார்: ஆமா. அஞ்சு மணிக்குள்ள.

மருமகள்: அஞ்சு மணிக்கு என்ன?

மாமியார்: ஒரு... பதிவு. விடுதி விஷயம். இன்னிக்கு விட்டா ஒரு செமஸ்டரே போச்சு.

மருமகள்: விடுதிக்கு ஏது அத்தை செமஸ்டர்? இன்னிக்குக் கடைசி நாள் மாலைக் கல்லூரிக்குத்தான்... பாடம் பதிவு பண்றதுக்கு.

மாமியார்: இந்த ரூம்ல ஏசி ரொம்ப ஜில்லுனு இருக்குல்ல?

மருமகள்: உங்க முட்டிக்கு ஆகாதுதான். சாயங்காலம் ஃபிசியோதெரபி போறீங்கல்ல, அங்க சொல்லுங்க.

மாமியார்: சொல்றேன், சொல்றேன்.

மருமகள்: பாருங்களேன், இந்த ரெண்டாவது ஆளு மாணவி. பி.காம்., முதல் வருஷம், மாலை வகுப்பு. பாவம், பரீட்சைகூட எழுதியிருக்கு. கணக்குப் பதிவியல்ல... ஐம்பத்திமூணு. சுமார்தான்.

மாமியார்: எண்பத்திமூணு! நல்லாப் பாரு, எட்டு அது!

மருமகள்: ஆமா, எட்டுதான்.

மாமியார்: அடிப்பாவி. வேணும்னே படிச்சியா?

மருமகள்: அத்தை... அப்ப ஃபிசியோதெரபி?

மாமியார்: மெதுவாப் பேசு. முட்டிக்கு ஒண்ணுமில்ல. மாடிப்படி ஏறித்தான் வகுப்புக்கே போறேன்.

மருமகள்: எதுக்கு இவ்வளவு ரகசியம்?

மாமியார்: வேலைக்குச் சேர்ந்ததுல இருந்து, பட்டம் வாங்க வர்றவங்களுக்கு ரூம் சாவி எடுத்துக் குடுத்துட்டே இருக்கேன். சாவியை வாங்கிட்டு இவங்க அப்படி எங்கதான் போறாங்கன்னு பார்க்கலாம்னு நானும் ஒரு நாள் பின்னாடியே போயிட்டேன்.

மருமகள்: வீட்ல சொல்லியிருந்தா...

மாமியார்: சொல்லிட்டு ஃபெயிலானா? உன் மாமா சொந்தக்காரங்க அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சிரிப்பாரு. அதையாவது தாங்கிக்கலாம். உன் புருஷன் ‘எதுக்கும்மா இந்த வயசுல கஷ்டம்’னு பாசமா கேப்பான் பாரு... அதுதான் எனக்கு ஆகாது. பட்டத்தைக் கையில வாங்கிட்டு மேசை மேல பொத்துன்னு போடலாம்னு இருந்தேன். உன் கம்ப்யூட்டர் காட்டிக் குடுத்திடுச்சு.

மருமகள்: அது மேல தப்பில்ல. கேள்வியை எழுதினது நான். ஒருத்தரே இங்க வேலையும் பார்த்து, இங்கயே படிக்கவும் செய்வாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க.

மாமியார்: அப்ப அழிக்க மாட்டியே?

மருமகள்: யாரையும் அழிக்கல. ஆளு ஒண்ணு, வேலை ரெண்டுன்னு மாத்தி எழுதறேன். வாசல்ல ஒருத்தரா நுழைவீங்க. உள்ள விடுதிக்கு ஒரு கதவு, வகுப்புக்கு ஒரு கதவு. கொஞ்சம் பொறுங்க... ம். இப்பப் போடுங்க. நான் திரும்பிக்கறேன்.

மாமியார்: எதுக்குத் திரும்பறே?

மருமகள்: பாஸ்வேர்டு போடறீங்கல்ல? மருமகளுக்கும் காட்டக் கூடாது.

மாமியார்: அதெல்லாம் வக்கணையா சொல்லு... அம்மாடி, திறந்துடுச்சு! திறந்துடுச்சுடி!

மருமகள்: உஷ்! பக்கத்து ரூம்ல ஆளு இருக்கு. சீக்கிரம் பதிவு பண்ணுங்க.

மாமியார்: வணிகச் சட்டம்... சரி. புள்ளியியல்... கடவுளே, அதுவும் சரி. கம்ப்யூட்டர் அடிப்படை, செவ்வாய், வியாழன். ஆசிரியர்... ஆசிரியர்... இங்க வா. இது யாரு பேரு?

மருமகள்: பேரை விடுங்க அத்தை, நேரமாகுது. அந்தக் கட்டத்தை அமுக்குங்க.

மாமியார்: அமுக்கிட்டேன், பதிவாயிடுச்சு. இது உன் பேரு. செவ்வாய், வியாழன் சாயங்காலம் சர்வர் வேலை இருக்கு, லேட்டாகும்னு வீட்ல சொன்னது...

மருமகள்: பகல்ல பார்க்கற வேலை போதாதான்னு நீங்க திட்டுவீங்கன்னு பயந்துதான் சொல்லல. பாடம் எடுக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை அத்தை... அடுத்த வாரம்தான் முதல் வகுப்பு, இப்பவே கண்ணாடி முன்னாடி நின்னு பாடம் நடத்திப் பார்க்கறேன். நீங்க தாராளமா வாங்க, என்ன வேணா கேளுங்க... தயவுசெஞ்சு முதல் பெஞ்சுல மட்டும் உக்காந்துடாதீங்க.