தானாக நகரும் சீட்

மெக்கானிக்: சார், நீங்களே வந்து பாருங்க. எதிர்ச் சுவர்ல விழுற வெளிச்சத்துல பேப்பர் படிக்கலாம். இந்த ஹெட்லைட்டா மங்கல்?

கணவர்: இங்க அப்படித்தான் தெரியும். இருட்டுல ஓட்டிப் பாருப்பா, ஒரு மண்ணும் தெரியாது.

மெக்கானிக்: ஷட்டரை இறக்கி இருட்டாக்கிட்டுத்தானே சார் போட்டிருக்கேன்! இந்த வருஷத்துல ரெண்டு தடவை பல்பு மாத்தியாச்சு. மூணாவது தடவை மாத்தினா எனக்கே மனசு உறுத்தும்.

மனைவி: முன்கண்ணாடியையும் தினம் துடைக்கிறாரு தம்பி. அவர் துடைக்கிற துடைப்புல அது தேஞ்சே போயிடும்.

கணவர்: பழைய கண்ணாடி, பனி படிஞ்ச மாதிரி இருக்கு... உனக்கென்ன தெரியும்? நீ பாட்டுக்குப் பக்கத்துல உக்காந்துகிட்டு, இடது பக்கம் சைக்கிள், இடது பக்கம் பள்ளம்னு ரேடியோ மாதிரி ஓடிக்கிட்டே வருவ.

மனைவி: என் வாய் சும்மா இருக்காதுங்க. தெரிஞ்சுதானே கட்டினீங்க.

கணவர்: சரி, விடு. தம்பி, சாயங்காலம் அஞ்சு மணிக்குத் தரகர் ஒரு ஆளைக் கூட்டிட்டு வர்றார். அதுக்குள்ள வண்டியில என்னென்ன கோளாறுன்னு பட்டியல் போட்டுக் குடு. ஒளிச்சு மறைச்சு விக்கிற புத்தி எனக்குக் கிடையாது.

மனைவி: கிடையவே கிடையாது.

மெக்கானிக்: விக்கப் போறீங்களா? அப்ப பெரியம்மா? வாரத்துக்கு ரெண்டு நாள் அவங்களுக்கு டயாலிசிஸ்...

மனைவி: நல்லாக் கேளுங்க தம்பி. ஒரு நாள் தள்ளிப் போனாலும் அத்தைக்கு மூச்சு வாங்குது. சின்னக் கார்ல குனிஞ்சு ஏற முடியாது, இடுப்பு மடங்காது. இதுல பின்சீட்டை மடிச்சா சக்கர நாற்காலி அப்படியே உள்ள போயிடும். அதுக்காகத்தானே இந்த யானையை வாங்கினோம்.

கணவர்: யானையேதான். தீனி போட்டு மாளலை. போன வருஷம் நாலு டயர், இந்த வருஷம் பேட்டரி, நடுவுல இன்சூரன்ஸ். வித்தவன் என்ன சொன்னான்? ஒரே ஓனர், டாக்டர் வெச்சிருந்த வண்டின்னான். வாங்கின நாள்லேருந்து நாமதான் இதுக்கு வைத்தியம் பார்க்கறோம். அம்மாவுக்கு வாடகைக் கார் போதும்.

மனைவி: போன மாசம் ஒரு வாடகைக் கார் வந்துச்சே... சக்கர நாற்காலியைப் பார்த்ததும் வாசல்ல நிக்காமலே போனானே, அந்தக் காரா?

கணவர்: ...எல்லாரும் அப்படி இருக்க மாட்டாங்க.

மெக்கானிக்: சரி சார், சொல்றேன். ரேடியேட்டர் ஹோஸ்ல கசிவு, தண்ணி குறையறது அதனாலதான். பின்னாடி ஏசி காத்து வரலை. பள்ளத்துல இறங்கினா கடமுடான்னு சத்தம், அடியில ரப்பர் எல்லாம் செத்துப் போச்சு. டைமிங் பெல்ட்டை மட்டும் தள்ளிப் போடக் கூடாது. அது அறுந்தா என்ஜினே போச்சு. இதெல்லாம் ஓடித் தேஞ்ச வண்டிக்கு வர்றதுதான், வண்டி மேல குத்தம் இல்ல. ஆனா...

கணவர்: என்ன ஆனா?

மெக்கானிக்: இடது பக்கக் கதவு ரெண்டுலயும் கோடு கோடா...

கணவர்: எங்கேயாவது நிறுத்தியிருக்கும்போது எவனாவது உரசியிருப்பான்.

மெக்கானிக்: ஆறு தடவையா சார்? ஆறும் இடது பக்கமே?

கணவர்: எழுதிக்கப்பா. கேள்வி கேக்காத.

மெக்கானிக்: அப்புறம் கிளட்ச். பிளேட் கருகிப் போச்சு.

கணவர்: போன வருஷம்தானே புதுசு போட்ட!

மெக்கானிக்: அதான் சார் எனக்கும் இடிக்குது. இது... எப்படிச் சொல்றது... புதுசா ஓட்டக் கத்துக்கறவங்க கையில சிக்கின வண்டி மாதிரி இருக்கு. மேட்டுல நிறுத்தி, உறும விட்டு, ஆஃப் ஆகி, திரும்ப எடுத்து...

மனைவி: இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி.

மெக்கானிக்: வெயிலுக்குக் கிளட்ச் கருகாதுக்கா.

மனைவி: ...ஓ.

கணவர்: முப்பது வருஷமா ஓட்டறேன்ப்பா நான்! கத்துக்கறவளா இருந்தா இவளைச் சொல்லு. கல்யாணம் ஆன புதுசுல ஒரே ஒரு நாள் சொல்லிக் குடுத்தேன். நேராப் போயி எங்க வீட்டு கேட்டுத் தூணையே...

மனைவி: சொல்லுங்க, சொல்லுங்க. இந்தத் தம்பி ஒருத்தருக்குத்தான் தெரியாம இருந்துச்சு.

மெக்கானிக்: தெரியும்க்கா. சார் ரெண்டு தடவை சொல்லியிருக்கார்... அப்புறம் சார், அந்த டிரைவர் சீட்.

கணவர்: ஆங், அதைக் கேளு! தானா முன்னாடி நகருது. லீவு நாள்ல காலையில எடுக்கலாம்னு ஏறினா முட்டி போய் ஸ்டியரிங்ல இடிக்குது. நீ புது லாக் போட்டும் நிக்கலை.

மெக்கானிக்: லாக் கல்லு மாதிரி இருக்கு சார். நிறுத்தின வண்டியில சீட் எப்படி நகரும்? அதுவும் ஒவ்வொரு தடவையும் சொல்லி வெச்ச மாதிரி முன்னாடி மட்டும்?

மனைவி: எங்க வாசல் கொஞ்சம் சரிவு...

மெக்கானிக்: சீட்டுக்கு அடியில இந்தத் தலகாணி வேற இருந்துச்சு.

மனைவி: அது அத்தையோடது!

மெக்கானிக்: சரிக்கா. அத்தையோடது. நான் ஒண்ணுமே சொல்லலை.

கணவர்: ...தம்பி, அந்த ஹெட்லைட்டை அணைச்சுடு. கிளட்ச் என்னாலதான்.

மனைவி: என்னது?

கணவர்: நான்தான் கருக்கியிருக்கேன். எந்த நேரத்துல நிறுத்த வேண்டி வருமோன்னு, கிளட்ச்லேருந்து காலை எடுக்காமலே ஓட்டறேன். பயம்... நீயும் கேளு. எனக்கு இடது கண்ணு போயிட்டே இருக்கு. நரம்பாம். போன பார்வை திரும்ப வராதாம். வண்டி எடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். ஹெட்லைட் நல்லாத்தான் எரியுது. எனக்குத் தெரியும்.

மெக்கானிக்: சார்... உக்காருங்க சார். இந்தாங்க, தண்ணி.

கணவர்: போன செவ்வாய்க்கிழமை அம்மா பின்னாடி கண் அசந்துட்டு வர்றாங்க. ஒரு குழந்தை, இடது பக்கத்துலேருந்து... இவ மட்டும் கத்தலைன்னா... அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். டயர், பேட்டரி, செலவு, எல்லாம் சும்மா. வண்டி வாசல்ல நின்னா நான் எடுப்பேன். அதான்.

மனைவி: ...தம்பி, அந்தப் பட்டியலைத் திருத்துங்க. கிளட்ச் கணக்கை அவர் தலையில கட்டாதீங்க.

கணவர்: என் தப்பை நான்தானே...

மனைவி: கதவுல இருக்கற கோடு உங்களுது. கிளட்ச் என்னுது.

கணவர்: என்ன உளர்ற?

மனைவி: சீட்டும் என்னுது. எனக்குப் பெடல் எட்டலை. இறங்கும்போது பின்னாடி தள்ளி வெக்கணும்னு நினைப்பேன். நீங்க ஆபீஸ்லேருந்து வர்ற நேரமாயிடும், அவசரத்துல மறந்துடும்.

மெக்கானிக்: தலகாணி?

மனைவி: அதுவும் என்னுதுதான். போதுமா தம்பி? நிம்மதியா?

மெக்கானிக்: நான் போட்ட லாக் நல்ல லாக்குக்கா. அது போதும்.

கணவர்: நீ... இந்த வண்டியை... அம்மாவைத் தனியா விட்டுட்டா?

மனைவி: தனியாவா! பின்னாடி உக்காந்து ஓட்ட வைக்கிறதே அவங்கதான். பிரேக்கு, பிரேக்குன்னு என் கொண்டையைப் பிடிச்சு இழுப்பாங்க. டிரைவிங் ஸ்கூல்காரரே அவ்வளவு திட்டலை. நேத்து லைசென்ஸ் கைக்கு வந்ததும் நாற்காலியில உக்காந்தபடியே கை தட்டினாங்க.

கணவர்: லைசென்ஸா? எங்கம்மாவும் நீயுமா சேர்ந்து... என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

மனைவி: ஒரு தூணுக்கே இருபத்தஞ்சு வருஷம் சிரிச்சவராச்சே நீங்க. லைசென்ஸ் வராம வாயைத் திறப்பேனா?

மெக்கானிக்: சார்... தரகர் அஞ்சு மணிக்கு வருவார்னீங்களே.

கணவர்: வர வேண்டாம்னு போன் பண்ணிடறேன். நீ கிளட்ச் மாத்து. பெல்ட் மாத்து. அந்த சீட்டை... முன்னாடியே இருக்கட்டும்.

மெக்கானிக்: செவ்வாய்க்கிழமைக்குள்ள முடிச்சுடறேன் சார். பெரியம்மா பயணம் தடைப்படாது.

கணவர்: ஏய்... எனக்கு ஒண்ணுதான் புரியலை. இத்தனை வருஷம் ஸ்டியரிங் பக்கமே வராதவ, திடீர்னு எதுக்கு ஓட்டக் கத்துக்கிட்ட?

மனைவி: போன மழைக்காலத்துல நீலச் சட்டையைத் துவைக்கப் போட்டீங்களே... பையில கண்ணாஸ்பத்திரிக் காகிதம் இருந்துச்சு. அடுப்பு மேல காட்டிக் காயவெச்சுப் படிச்சேன். மறுநாள் காலையில போய் டிரைவிங் ஸ்கூல்ல சேர்ந்தேன். அன்னியிலேருந்துதான் இடது பக்கம் சைக்கிள், இடது பக்கம் பள்ளம்... ரேடியோ சும்மா ஓடுச்சுன்னா நினைச்சீங்க?